எடை பார்த்தார்கள், முகம் பார்க்கிறோம்

விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாயை நூறு வருஷத்துக்கு முந்தைய, காசைச் சோதித்து மாற்றித் தரும் சராப்புக் கடையில் நீட்டியிருந்தால், கடைக்காரர் ராணியின் முகத்தை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார். கல்லின்மேல் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்திருப்பார். கணீரென்றால் வெள்ளி. சொத்தென்று விழுந்தால் கள்ளக்காசு, இல்லையென்றால் உள்ளே கீறல் விட்ட காசு. சந்தேகம் தீரவில்லையா, தராசு. அதிலும் தீரவில்லையா, சின்ன உளியால் ஒரு கொத்து. அன்றைய தரப் பரிசோதனை அவ்வளவுதான். இன்று அதே ரூபாயோடு என் மேஜைக்கு வருகிறவர் கேட்கிற கேள்வி வேறு: "சார், கன்னத்துல தேய்மானம் இருக்கா? கிளீன் பண்ணியிருக்காங்களா? எக்ஸ்எஃப் தரம் வருமா?" எடை என்ன என்று கேட்டவர்கள் அபூர்வம்.

அன்றைக்கு எடை பார்த்ததில் நியாயம் இருந்தது. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுக்க ஒரே ரூபாய் என்று கொண்டுவந்தபோது அதன் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1893 வரை யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச்சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் முன்னால் சென்னையில் வராகன், பணம், காசு மூன்றும் புழங்கின. கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கடைத்தெருவில் இந்த விகிதம் ஏறும், இறங்கும். சராப்பு இல்லாமல் கொடுக்கல் வாங்கலே நடக்காத காலம் அது.

அரசாங்கமும் சராப்பு மாதிரியேதான் யோசித்தது. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்த ரூபாய் செல்லாது. சிதைத்த ரூபாயும் செல்லாது. 2 சதவீதம் என்றால் கால் கிராமுக்கும் குறைவு. ராணியின் மூக்கு மழுங்கிப்போனாலும் எடை நின்றால் அது முழு ரூபாய். மூக்கு கூர்மையாக இருந்தும் விளிம்பைச் சுரண்டியிருந்தால் செல்லாக்காசு. இன்றைய சேகரிப்பாளர் இதைத் தலைகீழாகப் படிப்பார்.

என்னிடம் 1862 ரூபாய் ஒன்று இருக்கிறது. சந்தை மொழியில் சொன்னால் குப்பை. மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம். வளையம் போய்விட்டது, பற்று மட்டும் சாம்பல் நிறத்தில் திட்டாக நிற்கிறது. கழுத்துப் பக்கத்தில் பிறை வடிவத்தில் இரண்டு கொத்து, சராப்பு வைத்தது. ராணி உடுப்பின் பூவேலை இன்னும் விரல் நுனிக்குத் தட்டுகிறது. ஆனால் காசைத் திருப்பினால் 'ஒன் ருப்பீ' என்ற எழுத்தும் அதைச் சுற்றிய பூக்கொடியும் வழுவழுவென்று மழுங்கிக் கிடக்கின்றன. கைமாறித் தேய்ந்த காசு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேயும். இது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது, யாரோ ஒருத்தியின் நெஞ்சில் உரசி உரசி. ராணி வெளியே பார்க்க, பின்பக்கம் தோலோடு கிடந்திருக்கிறது.

இந்த ரூபாயில் பற்று செய்த கெடுதலையும் சொல்லிவிட வேண்டும். 1874 வரை 1862 என்ற ஆண்டையே போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்தில் வைத்த சிறு புள்ளிகளைக் கொண்டுதான் எந்த வருஷத்து அச்சு என்று இன்று பிரிக்கிறோம். புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் பற்று ஏறினால் அந்தக் காசின் வயது போச்சு. ஆகவே சேதத்தை எல்லாம் கொண்டாட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சேதத்திலும் ஜாதகம் உள்ளது, இல்லாதது என்று இரண்டு உண்டு. சராப்பின் கொத்து முதல் வகை.

அந்த முதல் வகைக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெரிய சாட்சி, புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் அகப்பட்ட புதையல். ரோமானியப் பொற்காசுகள், 501. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு. அகஸ்டஸ், டைபீரியஸ், நீரோ, யாரையும் விடவில்லை. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்கிறார் ஒருவர். காசாக இனி ஓடக்கூடாது, தங்கமாக மட்டும் இருக்கட்டும் என்று வெட்டினார்கள் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டாவது பொருத்தமாகப் படுகிறது. சோதனைக்கு விளிம்பே போதும், முகத்தைத் தேடிப்போய் வெட்ட வேண்டியதில்லை. எதுவானாலும், வெட்டில்லாமல் பார்த்தால் அது ரோமாபுரிக் காசு. அந்த வெட்டுதான் அதை இந்த ஊர்க் காசாக்குகிறது.

நாங்கள் சேகரிக்கத் தொடங்கிய நாட்களில் தரம் என்பதற்கு மூன்றே பெயர்: நல்ல காசு, சுமார், மழுங்கல். பாத்திரக் கடையில் பழைய செம்போடு செம்பாக எடை போட்டு வந்த காசுகளைக் கிளறிப் பொறுக்குவோம். வாங்கி வந்ததும் முதல் வேலை குளிப்பாட்டுவது. செம்புக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. வீட்டில் குத்துவிளக்குக்கும் குங்குமச்சிமிழுக்கும் என்ன வைத்தியமோ அதுவேதான் காசுக்கும். பளபளப்பே அழகு என்று எல்லோரும் நம்பிய காலம். கறுப்பேறிய ரூபாயைக் கடைக்காரரே வாங்கத் தயங்குவார், "தேய்ச்சுக் கொண்டாங்க" என்பார்.

விபூதி தேய்த்த ரூபாயைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஏன் இன்று பதறுகிறார்கள் என்று புரியும். சீப்பால் வாரியதுபோல் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். புதுக்காசை விளக்கில் சாய்த்தால் ஒளி சக்கரமாகச் சுழலும். அச்சு அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடிய தடம்தான் அந்தச் சக்கரம். தேய்த்த காசில் அது செத்துப்போய்விடும், ஒளி ஒரேயடியாகக் கண்ணில் அடிக்கும். புளி கண்ட செம்பின் இளஞ்சிவப்பும் அப்படித்தான், எந்த வயதுச் செம்புக்கும் பொருந்தாத நிறம். ஆல்பத்தின் மெத்தென்ற பிவிசி உறை வேறு தன் பங்குக்குப் பச்சைப் பிசுக்கை ஏற்றிவிடும்.

மண்ணிலிருந்து வரும் செம்புக்காசுக்கு மட்டும் தேய்க்காதே என்கிற இந்தச் சட்டம் செல்லாது. கரூரில் அமராவதி மணலைச் சலித்து எடுக்கும் சங்ககாலக் காசுகளில் களிம்பை நீக்காவிட்டால் எதுவும் தெரியாது. 1980களில் நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்திய சதுரச் செம்புக்காசில் தமிழி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் கிடைத்தது. களிம்போடு போட்டு வைத்திருந்தால் இம்மாதிரிப் பெயர்கள் எத்தனை கண்ணில் படாமலே போயிருக்குமோ. சில செம்புகளில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். அதை விட்டால் காசையே தின்றுவிடும். "எதையும் தொடாதே" என்கிற இன்றைய மந்திரம் புழக்கத்தில் இருந்த வெள்ளிக்குச் சரி, புதைந்த செம்புக்கு அல்ல.

இன்று தரத்துக்குப் பெயர் எண். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தன் நாட்டுப் பழைய செம்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். அது விலைக்கணக்கு: அடிமட்டக் காசு ஒரு டாலர் என்றால் குறையே இல்லாதது எழுபது டாலர். அந்த விலைக்கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது, எண்கள் மட்டும் தங்கிவிட்டன. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று நிறுவனங்கள் வந்து, காசைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் ஒட்டிக் கொடுக்கின்றன. ஸ்லாப் என்பது அதுதான்.

இதனால் நன்மையே இல்லை என்று முனகுகிற பழைய ஆட்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முகம் தெரியாத ஒருவர் ஆயிரம் மைல் தள்ளி இருந்து விற்கும்போது "நல்ல காசு சார்" என்ற வாய்வார்த்தையை நம்பிப் பணம் அனுப்ப முடியுமா? தரம் உயர்ந்தால்தான் படிக்க முடிகிற காசுகளும் உண்டு. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று புகார் கிளம்பியது. சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம் போலத்தான் வெளியே போனது. மிச்சத்தை உருக்கினார்கள், அடுத்த வருஷம் யானையைத் திருத்தினார்கள். மழுங்கிய 'பன்றி ரூபாய்' கையில் இருந்தால் ஆண்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பன்றியும் இருக்காது, யானையும் இருக்காது.

என் வழக்கு வேறு இடத்தில். எண் அளப்பது ஒரு காசு எவ்வளவு குறைவாக வெளியே போனது என்பதைத்தான். சாக்குப் பையில் மற்றக் காசுகளோடு இடிபட்டு முகமெல்லாம் தழும்பான புதுக்காசுக்கு 60. கொஞ்சம் கைபட்டு, பார்க்க அதைவிட அழகாக இருக்கும் காசுக்கு 58. ஓட்டை, பற்று, கொத்து, விபூதி எல்லாவற்றுக்கும் எண்ணே கிடையாது. 'டீடெயில்ஸ்' என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். சராப்பு வைத்த கொத்தும் நேற்று ஒரு பையன் ஆணியால் போட்ட கீறலும் ஒரே பெட்டியில். அந்தப் பெட்டி இன்று ஆபத்தானதும்கூட. வெள்ளி விலை ஏற ஏற, எண் வாங்காத ரூபாய்கள் கிலோக்கணக்கில் உருக்குப் பட்டறைக்குப் போகின்றன.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. ஆக, விக்டோரியா ரூபாயை எண் வாங்க அமெரிக்காவுக்கு அனுப்பினால் குற்றம். ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் இந்தக் கோடு நகர்கிறது. உள்நாட்டிலேயே தரம் பார்க்கும் நிறுவனங்கள் முளைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம் என்று போனில் வருகிற ஆட்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விருப்பமில்லை. ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று 2021இலேயே எச்சரித்தும் அந்தக் கடை மூடவில்லை.

நோட்டுகளுக்கு வருவோம், அங்கேதான் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய நோட்டைத் தபாலில் அனுப்பும்போது இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். வந்து சேர்ந்தது என்று பதில் வந்ததும் மறுபாதி. பின்னால் காகிதம் ஒட்டி இணைத்த அந்த நோட்டுகளைக் கிழிசல் என்று தள்ள நோட்டுக்காரர்கள் யாருக்கும் மனசு வராது. அப்புறம் பின் ஓட்டை. நம் வங்கிகள் நோட்டுக் கத்தையைப் பின் அடித்தே கொடுத்து வந்தன. 1999இல் ரிசர்வ் வங்கி சுத்தமான நோட்டுக் கொள்கை கொண்டுவந்து, பின் அடிக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லும் வரை, கைபடாத புது நோட்டிலும் ஓட்டை இருக்கும். அமெரிக்கத் தரக்காரர்கள் இதற்கு வழிவிட்டார்கள்: வெளியிடும்போதே இருந்த பின் ஓட்டை என்று குறிப்பெழுதி, முழு எண்ணையும் தருகிறார்கள். சீன வியாபாரிகள் முத்திரை குத்திய அமெரிக்க டிரேட் டாலருக்கும் அப்படி ஒரு தனிக் குறிப்போடு எண் உண்டு. ஸ்டேப்ளருக்குக் கிடைத்த சலுகை சராப்பின் உளிக்குக் கிடைக்கக்கூடாதா? உள்நாட்டு நிறுவனங்களாவது முதலில் தரலாம்.

இப்போதைக்கு நோட்டுக்காரர்கள் நடுவில் ஓடுகிற சண்டை, பிரிக்காத பழைய கத்தை கிடைத்தால் பின்னை எடுப்பதா விடுவதா என்பது. எடுத்தால் வங்கிக் கட்டு என்ற அடையாளம் போகும். விட்டால் துரு இறங்கி முதல் பத்து நோட்டைக் கறையாக்கும். நான் விடுகிற கட்சி. ஆனால் கடலோர ஊர்க்காரர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், உப்புக்காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும்.