சீமைத் தண்ணீர் – 7: கண்மாய்க்கு ஆள் உண்டு, வரத்துக்காலுக்கு?

சென்ற வாரம் மானாமதுரையில், வைகைக் கரையில் நின்றோம். வைகைக்கு வருசநாட்டு மலை இருக்கிறது, அணை இருக்கிறது, பெரியாற்றிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர் இருக்கிறது. சீரழிந்து கிடந்தாலும் அதற்காகக் குரல் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். இந்த வாரம் அங்கிருந்து வடக்கே, காரைக்குடியை அடுத்த குன்றக்குடிக்கு வந்திருக்கிறோம். இந்தப் பக்கத்து ஆறுகளின் பெயரை வெளியூரில் சொன்னால் பலரும் விழிப்பார்கள். தேனாறு, விருசுழியாறு, மணிமுத்தாறு, பாம்பாறு. அரசு ஏடுகளில் பாம்பாறு–கோட்டகரையாறு வடிநிலம் என்று ஒரே தலைப்பில் இந்தப் பகுதி அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் 17 வடிநிலத் தொகுதிகளில் அதுவும் ஒன்று.

இந்த ஓடைகளிலும் ஆறுகளிலும் பலவற்றுக்கு, பிறக்க ஒரு மலை இல்லை. செம்புறாங்கல் பூமியில் ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாள் பிடித்துப் பெய்கிற மழைதான் அவற்றின் தாய். மேட்டு நிலத்தில் விழுந்த தண்ணீர் வரத்துக்கால் வழியே முதல் கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் கலுங்கு தாண்டும். கலுங்கு தாண்டிய மறுகால் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்தாகும். இப்படிப் பத்து, இருபது கண்மாய்களின் மறுகால் சேரும்போது ஓடை. ஓடைகள் சேர்ந்தால் ஆறு. குன்றக்குடி வட்டாரத்துத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு கோவிலூரை ஒட்டிப் போகிற தேனாறு அப்படிப்பட்ட ஆறுதான். ஆகவே இங்கே ஆறு கெட்டுப்போச்சு என்று யாராவது சொன்னால், மேலே எங்கோ ஐம்பது வரத்துக்கால்கள் கெட்டுவிட்டன என்று பொருள்.

36 லட்சம் லிட்டர் எங்கே போகிறது?

சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது அப்படி ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒரு ஏக்கர் நிலத்தில் 900 மில்லிமீட்டர் மழை என்றால் 36 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் மண் குடித்ததும் வெயில் குடித்ததும் போக ஓடுகிற பங்கு சிறியது. அந்தச் சிறிய பங்கும் சில நாட்களில், சில மணி நேரங்களில் ஓடி முடிந்துவிடும். அந்த நேரத்தில் கால் திறந்திருந்தால் கண்மாய்க்கு வரும். அடைத்திருந்தால் பக்கத்துப் பொட்டலில் பரவித் தேங்கி வற்றும்.

ஓடுகிற தண்ணீரைப் பிடிக்கும் வேலையை நம் முன்னோர் கணக்குத் தெரிந்தே செய்தார்கள். குன்றக்குடிக் கோயிலுக்குத் திருப்பணி செய்த மருது சகோதரர்களின் பெயரை மலையடிவாரத்து மருதாபுரிக் குளம் இன்றும் சுமக்கிறது. நகரத்தார் ஊர் ஊராக ஊருணி வெட்டினார்கள். காரைக்குடியில் முத்தூரணி, பருப்பூரணி. தேவகோட்டையில் சிலம்பணி, கருதா ஊருணி, வெள்ளையன் ஊருணி. அவர்கள் வீட்டு ஓட்டுக்கூரையில் விழும் மழையைக்கூட முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்தார்கள். ஊருக்குள் ஓடுகிற தண்ணீரை விடுவார்களா? ஊருணிக்கு வரும் காலில் செருப்புக் காலோடு இறங்கக்கூடாது, மாடு குளிப்பாட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது. கண்மாய்ப் பக்கம் நீர்ப்பாய்ச்சி இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் மட்டுமல்ல, மழைக்கு முன் வரத்துக்கால் ஓரமாக நடந்து பார்ப்பதும் அவர் வேலை. களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே அவர் பங்கு பிரிந்துவிடும். பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் வரும் பாசிபாட்டம், குளத்து மீனில் கிடைத்த வருமானத்தைக் குளத்துக்கே செலவிட்ட ஏற்பாட்டைக் காட்டுகிறது.

கீழே பாசனம், மேலே கால்

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஒரு கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீரில் விளையும் வயல், கரைக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கண்மாய்க்கு உயிர் கொடுக்கும் வரத்துக்கால் கரைக்கு மேலே, பெரும்பாலும் வேறொரு ஊரின் எல்லைக்குள் கிடக்கிறது. தண்ணீர் தேவைப்படுகிறவனுக்குக் காலின் மீது அதிகாரம் இல்லை. கால் யாருடைய வயலை ஒட்டிப் போகிறதோ அவனுக்கு அந்தத் தண்ணீரால் பயன் இல்லை. மேலூர்க்காரர் கலுங்கில் பலகை போட்டு உயர்த்துவதும், கீழூர்க்காரர் இரவோடு இரவாக வந்து அதைப் பிடுங்குவதும் இந்தச் சீமையின் பழைய சண்டை.

பாளையம் இருந்தவரை இரண்டு ஊருக்கும் மேலே ஒருவர் இருந்தார். 1801-ல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பிறகு கும்பினி சிவகங்கையை ஜமீனாக்கியது. ஜமீன்தார்கள் மராமத்தில் காட்டிய அலட்சியம் தனிக்கதை. ஆனாலும் விளைச்சல் குறைந்தால் தங்கள் வரவும் குறையும் என்பதால் வழக்கு என்று போனால் கேட்க ஓர் இடம் இருந்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால் கண்மாய்கள் அரசுக்கு வந்த வேகத்தில், அவற்றின் கால்களைக் கவனிக்கும் பொறுப்பு தெளிவாக வந்து சேரவில்லை.

இன்றைய நிலையைப் பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, அதாவது 2021-ல் தனியாகப் பிரிந்த நீர்வளத் துறைக்கு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. நிலத்தின் பதிவேடு வருவாய்த் துறையிடம். சாலையின் குறுக்கே வரும் குழாய்ப்பாலம் நெடுஞ்சாலைத் துறையிடம். கோயில் குளம் என்றால் அறநிலையத் துறையோ ஆதீனமோ அறக்கட்டளையோ. மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வரத்துக்கால் இத்தனை பேருடைய எல்லையையும் தாண்டித்தான் கண்மாய்க்கு வர வேண்டும். எங்கே அடைத்தாலும் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டலாம்.

அடைப்பதற்கும் பஞ்சமில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், பழைய பதிவேட்டில் ஓடை, வாய்க்கால் என்று இருந்த சில இடங்கள் பட்டா நிலமாக மாறிப்போனதாகத் தமிழ்நாடு முழுக்க வழக்குகள் நடக்கின்றன. புதுச் சாலை போடும்போது குழாயை ஓடைத் தரையைவிட ஓரடி மேலே வைத்துவிட்டால் போதும். பின்னால் தண்ணீர் தேங்கும், முன்னால் கண்மாய் காயும். தைலமரக் காடுகளில் மழைநீரைத் தடுக்க வெட்டும் குழிகளும் வரப்புகளும் கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீரை அங்கேயே நிறுத்திவிடுகின்றன என்று புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். மீதியைச் சீமைக்கருவேலம் பார்த்துக்கொள்கிறது. நகரத்தை நெருங்கினால் கால் சாக்கடையாகிறது. தேனாற்றில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகார் பழசு; 2024-ல் மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடி வளர வளர அது பெரிதாகத்தான் ஆகும்.

நகரத்தார் வெட்டிய ஊருணியில் கல்வெட்டு இருக்கும், பெயர் இருக்கும். அதனால் அது வறண்டால் ஊருக்கு வெட்கம். கால் மண்ணில் ஒரு பள்ளம். அது மறைந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

தூர் வாரியும் நிறையாத கண்மாய்

2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்தை மீட்டது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள். ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கமே வேலையைச் செய்யும் என்பது நல்ல யோசனை. கரை பலப்பட்டது, மடை புதுப்பிக்கப்பட்டது, தூர் வாரப்பட்டது. பட்டியலில் வரத்துக்கால்களும் இருந்தன. ஆனால் திட்டத்தின் அலகு ஒரு தனிக் கண்மாய். ஆயக்கட்டுக்காரர் தன் கண்மாயை வெட்டலாம். பக்கத்து ஊர் எல்லைக்குள் போய், பக்கத்து ஊர்க்காரரின் வேலியைத் தள்ளிப் போடச் சொல்ல முடியுமா? வரத்தைத் திறக்காமல் கண்மாயை ஆழப்படுத்துவது, நெல் வரும் வழியை அடைத்துவிட்டுப் பத்தாயத்தைப் பெரிதாகக் கட்டுவதுதான். ஆழப்படுத்தியதில் இன்னொரு கேடும் உண்டு. மடைக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. வண்டல் என்ற பெயரில் மண் அள்ளுகிறவருக்கு மட்டும் லாபம்.

பெரிய திட்டங்களும் இந்த இடத்தில்தான் வந்து முட்டும். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாயின் நீளம் 262 கிலோமீட்டர். அதன் இரண்டாம் கட்டம் தெற்கு வெள்ளாற்றிலிருந்து வைகை வரை, சிவகங்கை மாவட்டத்தையும் தொட்டுச் செல்லும். என்றைக்காவது அந்தக் கால்வாயில் வெள்ளநீர் வந்தால் மகிழ்ச்சி. வந்த தண்ணீர் கண்மாய் கண்மாயாகப் போய்ச் சேர இதே கால்கள்தான் வேண்டும். அவை இல்லாவிட்டால், கரையோரத்து ஊர்கள் மட்டும் நனையும்.

ஊரைத் தாண்டிய கணக்கு

குன்றக்குடியில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. குன்றக்குடி அடிகளார் 1970-களில் இங்கே கிராமத் திட்டக் குழுவை அமைத்தார். ஊரில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தெரியும், எது இல்லை என்று ஊராரை வைத்தே கணக்கெடுத்தார். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளை ஊர்க்காரர்களோடு உட்கார வைத்தார். குன்றக்குடித் திட்டம் என்று டெல்லி வரை பேசப்பட்டது. அவர் ஊரை ஓர் அலகாக எடுத்தார். தொழிலுக்கும் கூட்டுறவுக்கும் அது சரியான அலகு. தண்ணீருக்கு அலகு, மேலே முதல் கண்மாயிலிருந்து கீழே ஆறு வரை போகிற முழுத் தொடர்.

இது கனவல்ல. இலங்கையின் வறண்ட பகுதியில் குளங்கள் இதே போலத் தொடராகத்தான் இருக்கின்றன. சிங்களத்தில் எல்லங்காவ என்பார்கள். அந்த அமைப்பை ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2017-ல் உலக வேளாண் மரபாக ஏற்றது. அங்கே இப்போது ஒரு குளத்தைத் தனியாகத் தொடாமல் தொடரையே எடுத்துச் சீரமைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. இங்கேயே மதுரைத் தானம் அறக்கட்டளை, 1992-ல் தொடங்கிய வயலகம் திட்டத்தின் வழியே, தொடர் கண்மாய்களின் விவசாயிகளை ஒரு கூட்டமைப்பாக உட்கார வைத்துக் காட்டியிருக்கிறது.

தொடங்க அதிகம் தேவையில்லை. ஆண்டுக்கு ஆறு கிராமசபைகளில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கூடுகிறது. அன்று ஒரே தொடரில் இருக்கும் ஊர்கள், புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் வரத்துக்காலை ஊர் எல்லை தாண்டி நடந்து பார்க்கட்டும். எந்த இடத்தில் அடைப்பு, அது எந்தச் சர்வே எண், எந்தத் துறையின் பொறுப்பு என்று ஒரே பட்டியல். அதே பட்டியல் எல்லா ஊர்த் தீர்மானத்திலும் ஏற வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்ற 1905-ஆம் ஆண்டுச் சட்டமே தாசில்தாருக்கு அதிகாரம் தருகிறது. பங்குனியில் பட்டியல், ஆவணிக்குள் வேலை, ஐப்பசியில் சோதனை. மழை வந்தால், பட்டியலில் எந்த வரி பொய் என்று கண்மாயே சொல்லிவிடும்.

கண்மாய்க்குச் சங்கம் வைத்தாகிவிட்டது. அடுத்து வைக்க வேண்டியது காலுக்கு. அந்தச் சங்கத்தில் மேலூர்க்காரரும் கீழூர்க்காரரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். அந்தப் பாயை விரிக்க மாவட்ட ஆட்சியர் ஒருவரால்தான் முடியும்.

*(அடுத்த வாரம்: பெரியாற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் 48-வது மடைக் கால்வாய்)*