புறக்கடைக் கட்டடங்களும் மனை விதிகளும்

குடியிருக்கும் வீடு ஒன்றேயாயினும் அதனைச் சார்ந்து நிற்கும் சிறு கட்டடங்கள் பலவாகும். மாட்டுக்கொட்டில், கோழிக்கூடு, விறகறை, ஏர்க்கருவிகள் வைக்கும் கொட்டகை ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாத குடியானவர் வீடு அரிது. இவற்றை எங்கே கட்டுவது என்பதைக் கிராமத்தில் வீட்டுக்காரரின் சௌகரியமும் காற்று வீசும் திசையுமே பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. நகரம் அக்கிராமத்தை நோக்கி வளர்ந்து வரும்போது நிலைமை வேறாகிறது. கொட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சூழ்ந்த விதிகளோ மாறிவிடுகின்றன. இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்கள் நூறாண்டுகளுக்கு மேலாக அடைந்துள்ள அனுபவம், நகரத்தையடுத்து நிலம் வைத்திருப்போர் அறிந்துகொள்ளத் தக்கது.

அந்நாட்டில் ஊரை வட்டாரங்களாகப் பிரித்து, இன்ன வட்டாரம் குடியிருப்புக்கு, இன்னது வியாபாரத்துக்கு, இன்னது தொழிற்சாலைக்கு என்று ஸ்தல ஸ்தாபனங்கள் வரையறுக்கின்றன. இதனை 'ஜோனிங்' என்பர். தமிழில் மண்டலப் பிரிவினை எனலாம். ஒரு மனையில் உள்ள முக்கியமான கட்டடம் தலைமைக் கட்டடமாகும். அதே மனையில், அளவிலும் உபயோகத்திலும் அதற்குக் கீழ்ப்பட்டதாய், அதற்கு உதவியாக வழக்கத்தில் அமைவது துணைக்கட்டடம் எனப்படும்.

இவ்விதியானது கட்டடத்தின் உருவத்தைக் கண்டு பெயரிடுவதில்லை என்பது கவனிக்கற்பாலது. வீட்டுக்காரர் தம் சொந்தச் சாமான்களைப் போட்டு வைக்கும் கொட்டகை துணைக்கட்டடம். அதே கொட்டகையை ஒரு வியாபாரியின் சரக்குக்கு வாடகைக்கு விட்டால் அது கிடங்காகிவிடும். குடியிருப்பு வட்டாரத்தில் கிடங்குக்கு இடமில்லை. வீடே இல்லாத வெறும் மனையில் கொட்டகை மட்டும் கட்டவும் அநேக ஊர்கள் அனுமதிப்பதில்லை. தலைமை இல்லாதவிடத்துத் துணை ஏது என்பது அவ்வூர்களின் வாதம்.

இவ்விதிகள் ஏட்டிலிருந்து பிறந்தவை அல்ல; நாற்றம், புகை, இரைச்சல் ஆகியவற்றைப் பற்றிய வழக்குகளிலிருந்து பிறந்தவை. ஆர்க்கன்ஸா மாகாணத்து லிட்டில் ராக் நகரம், ஜன நெருக்கமுள்ள பகுதியில் வாடகைக் குதிரை லாயங்கள் கூடாதெனத் தடுத்தது. லாயக்காரர்கள் வழக்காடினர். 1915இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில் தீர்ந்த மற்றொரு வழக்கு இன்னும் படிப்பினை மிக்கது. ஹடாச்செக் என்பவர் 1902இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வெளியே எட்டு ஏக்கர் நிலம் வாங்கிச் செங்கற்சூளை வைத்தார். மண் அத்தொழிலுக்கு மிகவும் ஏற்றது. பின்னர் நகரம் வளர்ந்து அந்நிலத்தைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. சூளைகள் அவ்வட்டாரத்தில் கூடாதென விதியும் இயற்றியது. செங்கல் அறுக்கும் நிலமாக 8,00,000 டாலர் பெறும் சொத்து, வேறு காரியத்துக்கு 60,000 டாலருக்கு மேல் பெறாது என்று அவர் முறையிட்டார். நகரம் அவரைத் தேடி வந்ததேயன்றி அவர் நகரத்தைத் தேடிச் செல்லவில்லை. ஆயினும் கோர்ட்டு அவருக்கு இரங்கவில்லை. முன்னமே இருந்தது என்ற ஒரு காரணத்தால் ஊரின் வளர்ச்சியைத் தடுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

1916இல் நியூயார்க் நகரம் ஊர் முழுமைக்கும் மண்டல விதிகளை இயற்றியது. கிளீவ்லண்டை அடுத்த யூக்ளிட் என்னும் சிற்றூர் 1922இல் தன் நிலப்பரப்பை ஆறு வகை உபயோகங்களாகப் பிரித்தது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் கம்பெனி, தொழிற்சாலைக்காயின் ஏக்கர் 10,000 டாலர் பெறும் நிலம் குடியிருப்புக்காயின் 2,500 டாலரே பெறும் என்று வழக்காடியது. 1926ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஊர் செய்தது செல்லும் என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸதர்லண்ட் அதில் குடியானவர்களுக்கு எளிதில் விளங்கும் உவமையொன்றைக் கூறினார். பன்றி தொழுவத்தில் இருந்தால் குற்றமில்லை. வரவேற்பறைக்குள் வந்தால் அது தொல்லை என்பது அதன் கருத்து. பொருள் கெட்டதன்று, இடமே தவறு.

உவமை சரியே. ஆனால் அதனை வைத்துக்கொண்டு ஊர்கள் பல, பன்றியைத் தொழுவத்துக்கு அனுப்புவதோடு நில்லாமல், தொழுவத்தையே ஊரைவிட்டு அகற்றின. கோழியும் பசுவும் நகர மனைகளில் பல இடங்களில் முற்றிலும் தடுக்கப்பட்டன. தீங்கு நாற்றத்தால் என்றால் தூரத்தை அளந்தால் போதும்; இரைச்சலால் என்றால் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். முழுத்தடை என்பது வேண்டியதற்கு மேல் பறித்துக்கொள்வதாகும்.

தூரத்தை அளக்கும் முறைக்கு வாஷிங்டன் மாகாணத்துச் சியாட்டில் நகரத்தின் விதிகள் நல்ல உதாரணம். 2010இல் அந்நகரம் மனையொன்றுக்கு மூன்றாக இருந்த கோழிகளின் எண்ணிக்கையை எட்டாக உயர்த்தியது. புதிதாகச் சேவல் வைப்பதைத் தடுத்தது. கூவுவது சேவலேயாகையால் இத்தடையில் பொருள் உண்டு. முட்டைக்குச் சேவல் வேண்டுவதில்லை. கோழிக்கூடானது பக்கத்து மனையில் மனிதர் வசிக்கும் கட்டடத்திலிருந்து பத்தடியேனும் விலகியிருக்க வேண்டும். பக்கத்து மனையின் எல்லையிலிருந்து அளக்காமல் வசிக்கும் கட்டடத்திலிருந்து அளப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிறிய மனைகளில் எல்லையிலிருந்து பத்தடி விட்டால் கூடு வீட்டுத் திண்ணையிலேயே வந்து நிற்கும். அண்டை வீட்டார் தூங்குமிடத்திலிருந்து அளந்தாலோ, அவர்களுக்கும் தொல்லையில்லை, மனைக்காரருக்கும் புறக்கடை மூலை மிஞ்சுகிறது.

தேனீப் பெட்டிகளுக்கு உள்ள விதி இன்னும் நுட்பமானது. 10,000 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் நான்கு பெட்டிகள் வரை வைக்கலாம். பெட்டி எல்லையிலிருந்து 25 அடி தள்ளியிருக்க வேண்டும்; அவ்வளவு இடமில்லாத மனையில் தரைக்கு எட்டடிக்கு மேல் உயர்த்தி வைக்கலாம், அல்லது ஆறடி உயரமுள்ள அடைப்பான வேலிக்கோ புதர்வேலிக்கோ பின்னால் வைக்கலாம். வேலியால் தேனீ தடைபடாது என்பது உண்மையே. ஆனால் வேலியைத் தாண்ட அது மேலே எழும்ப வேண்டும். எழும்பிய தேனீ வழியில் நடப்போரின் தலைக்கு மேலேயே பறந்து செல்லும். தேனீயின் சுபாவத்தை அறிந்தவர் எழுதிய விதி இது என்பது தெளிவு.

பசு, குதிரை, ஆடு போன்றவற்றுக்கு மட்டும் விதி கடுமையானது. 20,000 சதுர அடிக்குக் குறையாத மனை வேண்டும். 10,000 சதுர அடிக்கு ஒன்று வீதமே வைக்கலாம். கொட்டில் அடுத்த குடியிருப்பு மனையிலிருந்து 50 அடி தள்ளி இருத்தல் வேண்டும். இங்கே சாணமும் ஈயும் அதிகமாகையால், வீட்டிலிருந்து அளவாமல் எல்லையிலிருந்தே அளக்கிறார்கள். குள்ள வகை வெள்ளாடுகளுக்கு 2007 முதல் தனிச் சலுகை உண்டு.

பிராணிகள் இல்லாத சாதாரணக் கொட்டகைகளுக்குப் பொதுவான வழக்கம் இது: வீட்டின் முன்புறத்தில் கூடாது, பக்கத்திலும் பின்னாலும் இத்தனை அடி விடவேண்டும், தலைமைக் கட்டடத்தைவிட உயரக்கூடாது, மனையில் இத்தனை பங்குக்கு மேல் கூரை மூடலாகாது. அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபடும். கட்டட உறுதியைப் பற்றிய நெறி இதனின் வேறானது. அந்நாட்டில் பெரும்பாலான இடங்கள் பின்பற்றும் மாதிரி நெறிகளில், வீட்டு மனையில் 200 சதுர அடிக்கு மேற்படாத ஒற்றைத்தளத் தனிக் கொட்டகைக்குக் கட்டட அனுமதி வேண்டுவதில்லை; வியாபாரக் கட்டடங்களுக்குரிய நெறியிலோ அவ்வரம்பு 120 சதுர அடியே. கலிபோர்னியாவில் வீட்டு மனைக்கும் 120தான். அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றதும் விதியே இல்லையென எண்ணி எல்லையோரத்தில் கட்டிவிட்டுப் பிறகு பிரிப்போர் உண்டு. அனுமதிச் சீட்டு வேறு, இடைவெளி விதி வேறு. முன்னது இல்லாவிடினும் பின்னது இருக்கும்.

வியாபார மனைகளில் துணைக்கட்டடம் என்பன குப்பைத் தொட்டி அடைப்பு, சரக்குக் கொட்டகை, கப்பற்பெட்டி முதலியன. அவை கடைக்குப் பின்னால் மறைப்புச் சுவருடன் நிற்க வேண்டும். வண்டிகள் நிற்கும் இடத்தையும் தீயணைக்கும் வண்டி வரும் வழியையும் அடைக்கலாகாது. வியாபார மனைக்கு அடுத்து வீட்டு மனை இருக்குமாயின் இடைவெளியை அதிகப்படுத்துவது வழக்கம்.

துணைக்கட்டடத்தில் மனிதர் குடியிருக்கலாகாது என்பது நெடுநாள் வரை பல ஊர்களில் உறுதியான விதியாயிருந்தது. வாடகை ஏறிய கலிபோர்னியாவில் ஜனங்கள் மோட்டார்க் கொட்டகைகளை இரகசியமாக அறைகளாக்கிக் குடியேறினர். மாகாண சட்டசபை 1982லேயே இரண்டாம் வீட்டுக்கு இடம் தர முற்பட்டும், ஊர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டும், பெரிய மனை வேண்டும் என்று நிபந்தனைகளை அடுக்கி அதனைப் பயனற்றதாக்கின. 2017இலும் 2020இலும் அமலுக்கு வந்த சட்டங்களே நிலைமையை மாற்றின. எண்ணூறு சதுர அடியும் பதினாறடி உயரமுமுள்ள துணைவீட்டுக்கு, பக்கத்திலும் பின்னாலும் நான்கடி விட்டிருந்தால், எந்த ஊரும் தடை சொல்ல முடியாது. குறைவற்ற மனுவை 60 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். மோட்டார்க் கொட்டகையை வீடாக்கினால் அதற்கு ஈடாக வண்டி நிறுத்தும் இடம் கேட்கலாகாது. அதன்பின் துணைவீடுகளுக்கான அனுமதிகள் பன்மடங்கு பெருகின. இங்கேயும் பயன் தந்தது தடையன்று, அளவுகோலே.

நகரத்தின் விளிம்பில் உழவுத்தொழில் செய்வோருக்கு இவையனைத்தையும்விட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. ஹடாச்செக்கின் சூளைக்கு நேர்ந்த கதி மாட்டுக்கொட்டிலுக்கும் நேருமா என்பதே அது. அரிஸோனா மாகாணத்தில் பீனிக்ஸ் நகருக்கு மேற்கே 14, 15 மைல் தூரத்தில் ஸ்பர் என்னும் கம்பெனியின் மாடு கொழுக்கவைக்கும் பட்டி இருந்தது. அதனை நோக்கி ஸன் சிட்டி என்னும் புதிய குடியிருப்பு வளர்ந்து வந்தது. பட்டியில் 20,000 முதல் 30,000 மாடுகள். நாளொன்றுக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் ஈரச்சாணம். ஈயையும் நாற்றத்தையும் குறித்து வழக்கு எழுந்தது. 1972இல் மாகாண உயர் நீதிமன்றம் பட்டியை அகற்றவே உத்தரவிட்டது; ஆனால் அதனை இடம் மாற்றவோ மூடவோ ஆகும் நியாயமான செலவை வீடுகளைக் கட்டி விற்ற கம்பெனியே கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. இத்தகைய வழக்குகளின் பின்விளைவாக, முன்னமே நடந்துவரும் விவசாயத்தைத் தொல்லை வழக்குகளிலிருந்து காக்கும் சட்டங்கள் இன்று ஐம்பது மாகாணங்களிலும் இருக்கின்றன.

யூக்ளிட் இருக்கும் ஒஹையோ மாகாணத்தின் சட்டம் துணைக்கட்டடங்களையே பெயரிட்டுக் காக்கிறது. 'டவுன்ஷிப்' என்னும் கிராம ஸ்தாபனங்கள், விவசாயத்தையும் அதற்குத் துணையான கட்டடங்களையும் தங்கள் மண்டல விதிகளால் தடுக்க அதிகாரமில்லை. அக்கட்டடங்களுக்கு மண்டல அனுமதிச் சீட்டும் தேவையில்லை. இதற்கு விலக்கு, நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்ட இடங்களில்தான். அங்கே ஒரு ஏக்கருக்கு மேற்படாத மனையில் விவசாயத்தை ஸ்தாபனம் கட்டுப்படுத்தலாம். ஒன்றுக்கு மேல் ஐந்து ஏக்கர் வரையுள்ள மனையில் விவசாயக் கட்டடங்களின் உயரம், அளவு, இடைவெளி ஆகியவற்றை நிர்ணயிக்கலாம். அம்மனைகளில் நூற்றுக்கு 35 பங்கு கட்டடம் எழுந்தபின் பால் மாடு, கோழி வளர்ப்பையும் கட்டுப்படுத்தலாம். அதற்கு முன்பே இருந்த கொட்டில் உடனே அகற்றப்படுவதில்லை. விதிக்கு முற்பட்ட உபயோகமாக அது தொடரலாம். ஆனால் உடையவர் தாமாகவே மாடுகளை விற்றுவிட்டு இரண்டாண்டு காலம் கொட்டிலை வெறுமனே விட்டிருந்தால் அவ்வுரிமை அற்றுப்போகும். மீண்டும் அங்கே மாடு கட்ட வேண்டுமாயின் புதிய விதிக்கு உட்பட்டே கட்டவேண்டும்.