கரிசல் மண்ணில் புதைந்த இரும்பு: அரிமானத்தை மின்தடையால் அறிதல்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் கரிசல் மண் பரவலாக உள்ளது. கோடையில் வெடித்துப் பிளந்து, வடகிழக்குப் பருவமழையில் ஊறிப் பருக்கும் மண் இது. வெடிப்பின் வழியே ஓரிடத்தில் காற்றுப் புக, அடுத்த இடம் காற்றின்றி இறுகிக் கிடக்கும். இவ்வேறுபாடு புதைந்த இரும்புக் குழாயில் மின்வேதிக் கலங்களைத் தோற்றுவிப்பதால், காற்றுக் குறைந்த பகுதி அரிக்கப்படுகிறது. தொலைவிலுள்ள ஆற்றுநீரைக் குழாய்வழிப் பெறும் வறண்ட நிலத்தில், கசிவு தோன்றிய பின்னரே குழாயின் மெலிவை அறிவது காலங்கடந்த அறிவாகும்.

காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் கடல்சார் அரிமான ஆய்வு நிலையம் ஒன்றைக் கொண்டுள்ளது. ஆயினும் கடற்கரை உப்புக்காற்றுக்குரிய அளவீடுகளைக் கரிசலுக்கு அப்படியே பொருத்த இயலாது. அந்தந்த மண்ணிலேயே அளத்தல் வேண்டும். வென்னர் 1915-இல் வகுத்த நான்குமுனை முறை மண்ணின் மின்தடை எண்ணைத் தரும். அது 10 ஓம் மீட்டருக்குக் குறைந்தால் மண் கடுமையாக அரிக்கும் இயல்பினது எனக் கொள்வர். இது மண்ணின் இயல்பைக் கூறுமேயன்றி, உலோகத்தின் இழப்பைக் கூறாது. இவ்விரு அளவீடுகளும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

உலோக இழப்பை அளக்க, குழாயின் உலோகத்தாலான மெல்லிய பட்டை குழாயருகே புதைக்கப்படுகிறது. மின்தடை குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், பட்டை மெலிய மின்தடை உயரும். 100 மி.மீ. நீளமும் 10 மி.மீ. அகலமும் 0.5 மி.மீ. தடிப்பும் உடைய இரும்புப் பட்டையின் மின்தடை ஏறத்தாழ 2 மில்லி ஓம். ஒரு முகத்தில் 0.025 மி.மீ. அரிக்கப்பட்டால் அது சுமார் 5 விழுக்காடு கூடும். இணைப்புக் கம்பிகளின் தடையே இதனினும் மிகுதியாகலாம். ஆகவே இரு முனைகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறிரு முனைகளில் மின்னழுத்த வேறுபாட்டை அளக்கின்றனர்.

இதனினும் பெரிய இடர் வெப்பம். எஃகின் மின்தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.5 விழுக்காடு உயரும். 10 பாகை வேறுபாடே மேற்கண்ட அரிமானத்தைப் போலத் தோற்றம் காட்டிவிடும். எனவே பூச்சிட்டுக் காக்கப்பட்ட மற்றொரு பட்டை உடன்வைக்கப்பட்டு, இரண்டின் விகிதமே கணக்கில் கொள்ளப்படுகிறது.

நேர்கோட்டு முனைவாக்க முறைக்கு ஈரமான மின்பகுளி தேவை. காய்ந்த கோடை மண்ணில் அது பயன்தராது. மின்தடை முறைக்கு அத்தேவையில்லை. ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் நிலத்துக்கு இதுவே ஏற்றது. அளவீடுகளைக் காலவரிசையில் வரைந்தால் கோட்டின் சாய்வு அரிமான வீதத்தைத் தரும்.

எனினும் குழி அரிமானத்தை இம்முறை குறைத்தே காட்டும். மழைநீர் தேங்கிக் காற்றற்றுப்போன மண்ணில் சல்பேட்டை ஒடுக்கும் நுண்ணுயிரிகள் இரும்பு சல்பைடை உண்டாக்கும். அது மின்கடத்தியாதலால், பட்டையில் படிந்து மெலிவை மறைத்துவிடும். ஆகையால் மழைக்காலம் முடிந்தபின் சில பட்டைகளையேனும் தோண்டியெடுத்து, தூய்மைசெய்து எடையிட்டு ஒப்புநோக்குதல் தேவையாகிறது.