பழைய சிறுநீரகத்தையும் பாருங்கள்

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் பழுதானது. எல்லோரும் போய்வந்தது ஒரே கிளினிக். மருத்துவர் வான்ஹெர்வெகமும் அவருடைய குழுவினரும் 1993-இல் இதை வெளியிட்டார்கள். மருந்தில் சேர்ந்திருக்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக, கிட்டத்தட்ட அதே பெயருள்ள வேறொரு மூலிகை கலந்துவிட்டிருந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம்தான் சிறுநீரகத்தைச் சுருங்கவைத்த நஞ்சு.

அன்று அந்தப் பெண்களுக்கு இருந்த வழி டயாலிசிஸ், பிறகு மாற்று அறுவை. மாற்று அறுவையில் பொதுவாகப் பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. அவை முதுகுப்பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். புதியதை அடிவயிற்றின் ஓரத்தில் பொருத்தி, அதன் குழாயைச் சிறுநீர்ப்பையில் இணைப்பார்கள். 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மரே ஒரே சாயல்கொண்ட ஒருகரு இரட்டையர்களிடையே முதல் வெற்றியைக் கண்ட காலந்தொட்டு, மருத்துவர்களின் பெரிய பயம் ஒன்றுதான்: புதிய உறுப்பை உடல் ஏற்குமா, தள்ளிவிடுமா? அதைக் காப்பதிலேயே கவனமெல்லாம் போனது. வேலை செய்யாத பழைய சிறுநீரகத்தை நினைக்க யாருக்கும் காரணமில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. அந்த மூலிகையால் நோய் முற்றிய 39 பேர், பழைய சிறுநீரகங்களையும் அவற்றின் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடச் சம்மதித்தார்கள். எடுத்ததைச் சோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. 2000-இல் இது வெளிவந்தது. மூலிகையை நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் ஆபத்து உள்ளேயே இருந்தது. அந்த அமிலம் செல்லின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் விலகாது. போதாக்குறைக்கு, புதிய சிறுநீரகத்தைக் காக்கத் தினமும் விழுங்கும் மாத்திரைகள் உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கின்றன. கெட்டுப்போன செல்லை அடையாளம் கண்டு அழிக்கும் காவலும் அதோடு தளர்கிறது.

தைவானில் இந்தக் கதை நாடளவுக்கு விரிந்தது. அங்கே இவ்வகை மூலிகைகள் மருந்துச்சீட்டிலேயே எழுதப்பட்டுவந்தன. 2003-இல்தான் தடை வந்தது. மேலைநாடுகளில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்குத் தோல் புற்றுநோய் அதிகம் என்றால், தைவானில் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய் முன்னால் நிற்கிறது. பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள்.

இன்று பார்வை மாறியிருக்கிறது. ஆபத்து கூடியவர்களுக்கு, புதிய சிறுநீரகத்தோடு முதுகுப்பக்கத்துப் பழையவற்றையும் ஸ்கேனில் பார்க்கிறார்கள். சுருங்கிக் கிடக்க வேண்டியது வீங்கித் தெரிந்தால், கீழே குழாயை ஏதோ அடைக்கிறது என்று சந்தேகிக்கிறார்கள். சிறுநீரில் புற்றுநோய் செல் உதிர்கிறதா என்று சோதிக்கிறார்கள். சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் கட்டி வந்தால், மறுபக்கத்தையும் எடுத்துவிடுவதா என்று யோசிக்கிறார்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் ஊர் வேலியோரத்து ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும், பிரஸ்ஸல்ஸில் மருந்தில் கலந்த மூலிகையைப் போலவே, அரிஸ்டோலோகியா பேரினத்துச் செடிகள். அந்த அமிலம் இவற்றிலும் இருக்கிறது. விஷக்கடிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த மருந்து என்பதற்காக அது சிறுநீரகத்தை விட்டுவைக்காது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள், முன்பு சாப்பிட்ட நாட்டு மருந்து எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீர் ஒரே ஒரு தடவை சிவந்து போனாலும், வலியே இல்லை என்றாலும், சூடு என்று மோர் குடித்துவிட்டு இருந்துவிடக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருவர் தன் உடலிலிருந்து கொடுத்த சிறுநீரகத்தால் கிடைத்த ஆயுள் அது. சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடக்கூடிய நோய்க்கு அதைப் பறிகொடுக்கக் கூடாது.