உப்பு, ரசீது, ரெண்டு காப்பி: கேமராவோட கடல் தாண்டுறதுக்கு முன்னாடி

கேமராவைத் தூக்கிக்கிட்டு முதல் தடவையா வெளிநாட்டுக்கு ஷூட் போறவங்களுக்கான எபிசோடு இது. எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லதுன்னு இன்னைக்குப் பேசப் போறதில்லை. கையில் இருக்கிற கேமராவும், அதில் எடுத்த படமும் பத்திரமா வீடு வந்து சேர என்ன பண்ணணும், அதை மட்டும் பார்க்கலாம்.

பொதுவா பேசினா மனசுல நிக்காது. அதனால ஒரு பயணத்தையே உதாரணமா எடுத்துக்கலாம். தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் முத்துக்குளிப்பைப் பத்தி ஆவணப்படம் எடுக்கணும்னு நினைக்கிறார்னு வைங்க. பாதிக் கதை ஊர்லயே இருக்கு. தூத்துக்குடியில் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அன்னைக்கு 20 வயசுல கடல்ல இறங்கினவர் இன்னைக்கு 80-ஐத் தாண்டியிருப்பார். மீதிக் கதை கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையோட மன்னார் கரையில், அரிப்புங்கிற ஊர்ல இருக்கு. நம்ம கரையிலிருந்து போனவங்க அங்கேயும் முத்துக்குளிச்சாங்க. இலங்கையோட முதல் பிரிட்டிஷ் ஆளுநர் ஃபிரெடரிக் நார்த் 1800-களோட தொடக்கத்தில் அங்கே ஒரு மாளிகை கட்டினார். அது இப்போ கடலோரத்தில் இடிபாடா நிக்குது. கடல் அரிச்சு அரிச்சு, அதுவும் குறைஞ்சுக்கிட்டே வருது.

இப்போ யோசிங்க. கேமரா போனா கடன் வாங்கியாவது இன்னொன்னு வாங்கிடலாம். அந்தப் பெரியவரோட பேட்டி போச்சுன்னா? அதனால முதல் இடம் எடுத்த படத்துக்கு, அடுத்த இடம்தான் கருவிக்கு. இதுக்கு விலை உயர்ந்த பையைவிட, பழக்கம்தான் ரொம்ப உதவும்.

ரசீதும் சீரியல் நம்பரும்

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒரு பட்டியல் போடுங்க. கேமரா, லென்ஸ், மைக், ட்ரோன்னு ஒவ்வொன்னுக்கும் பெயர், மாடல், சீரியல் நம்பர், வாங்கின விலை. கூடவே பில். எல்லாத்தையும் ஒரு பிரிண்ட் எடுத்து, போட்டோவா போன்லயும் வெச்சுக்கோங்க.

எதுக்கு இவ்வளவு? திரும்பி வரும்போது உங்க பையில் இருக்கிற கேமரா இங்கேருந்து கொண்டுபோனதா, அங்கே வாங்கினதான்னு கஸ்டம்ஸ் அதிகாரிக்குப் பார்த்தவுடனே தெரியாது. ஆதாரம் இல்லேன்னா வரி கட்டச் சொல்ல வாய்ப்பிருக்கு. இதுக்காகத்தான் ஏற்றுமதிச் சான்றிதழ் இருக்கு. நாட்டை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரிகிட்ட பொருளைக் காட்டினா, சீரியல் நம்பரோட எழுதிக் கொடுப்பாங்க. திரும்பும்போது அதைக் காட்டினா போதும்.

தூத்துக்குடிக்காரங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கு. வாகைகுளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாச்சு; ஆனா வெளிநாடு போக சென்னை, மதுரை, திருவனந்தபுரம் மாதிரி இன்னொரு ஊருக்குப் போய்த்தான் ஏறணும். வாகைகுளத்திலிருந்து சென்னை வழியா போறீங்கன்னா, பெரிய பையை நேரா கொழும்பு வரைக்கும் டேக் போட்டு அனுப்பிடுவாங்க. சென்னை கஸ்டம்ஸ்ல காட்ட உங்க கையில் பொருளே இருக்காது! அதனால கருவி எல்லாம் கைப்பையில் இருக்கணும். சான்றிதழுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா ஒதுக்குங்க. காரில் மதுரை போய் அங்கேருந்து கொழும்புக்குப் பறக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கப்பல்ல போக முடியாதான்னு கேட்கலாம். தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் 2011 ஜூன்ல ஆரம்பிச்சு, அதே வருஷம் நின்னுபோச்சு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல தொடங்கினது. எந்த வழியா போனாலும் கஸ்டம்ஸ் உண்டு, பட்டியலும் வேணும்.

பெரிய யூனிட்டா, நிறைய சாமானோட போறீங்கன்னா ஏடிஏ கார்னேனு ஒரு ஆவணம் இருக்கு. கருவிகளுக்கான பாஸ்போர்ட் மாதிரி. இந்தியாவில் ஃபிக்கி கொடுக்குது, ஒரு வருஷம் செல்லும், இலங்கையும் ஏத்துக்குது. ஒரு கேமரா, ரெண்டு லென்ஸோட போறவங்களுக்கு அது தேவைப்படாது.

ட்ரோன் பத்தி ரெண்டு வார்த்தை. இலங்கையில் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, பாதுகாப்பு அமைச்சு ரெண்டோட அனுமதியும் வாங்கணும். அதைவிட முக்கியம், வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9-லிருந்து தடை இருக்கு. இங்கே வாங்கின ட்ரோன்தான்னு நிரூபிக்கச் சான்றிதழ் இல்லாம திரும்பினா, வரியோட முடியாது, பறிமுதல் வரைக்கும் போகலாம். அவசியம் இல்லேன்னா வீட்லயே விட்டுட்டுப் போங்க.

பேட்டரி கணக்கு

கேமராவில் மாட்டாத உதிரி பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் போகணும். செக்-இன் பையில் வைக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா கேபின்ல ஆள் இருக்காங்க, அணைச்சிடலாம். சாமான் அறையில் யார் இருக்கா?

அளவு வாட்-ஹவர் கணக்குல. மில்லி ஆம்பியர்-ஹவரை 1000-ஆல் வகுத்து, வோல்ட்டால பெருக்குங்க. 20,000 பவர் பேங்க், 3.7 வோல்ட்னா 74 வாட்-ஹவர். 100 வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். 100-லிருந்து 160 வரைக்கும் விமான நிறுவனத்தோட அனுமதியோட ரெண்டு உதிரி கொண்டுபோகலாம். 160-க்கு மேல கிடையாது. பெரும்பாலான கேமரா பேட்டரிகள் 20-க்குள்ளதான் வரும், கவலை இல்லை. ஆனா சில நிறுவனங்கள் இன்னும் கறாரா இருக்கு. எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலிருந்து விமானத்துக்குள்ள பவர் பேங்க்கை உபயோகிக்கவே விடுறதில்லை. டிக்கெட் போட்டதும் உங்க நிறுவனத்தோட விதியைப் படிச்சிடுங்க.

ஒவ்வொரு பேட்டரியோட உலோக முனையிலயும் ஒரு துண்டு டேப் ஒட்டி, எல்லாத்தையும் தனியா ஒரு சின்னப் பையில் போடுங்க. ஏன் தனியா? வாகைகுளத்துக்கு வர்ற ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்தில் மேல்தட்டு ரொம்பச் சின்னது. ஏறுற இடத்தில் கைப்பையை வாங்கிக் கீழே போட்டுடுவாங்க. அப்போ பேட்டரிப் பையை மட்டும் உருவிக் கையில் எடுத்துக்கணும்.

இலங்கையில் மின்சாரம் நம்ம ஊர் மாதிரியே 230 வோல்ட். பிளக்தான் வேற, பல இடங்கள்ல சதுர முள்ளு மூணு வரும். ஒரு அடாப்டரும், வீட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டும் கொண்டுபோனா எல்லா சார்ஜரும் ஓடும்.

உப்பு வேலை செய்யும் விதம்

உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு உப்பு கசியும்னு சொல்லத் தேவையில்லை. சாதா உப்பு, காத்தில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா தானா ஈரத்தை இழுத்துத் தண்ணியாகும். கடல் தண்ணியில் மக்னீசியம் குளோரைடும் இருக்கு. அது சுமார் 33 சதவீதத்திலேயே இழுக்க ஆரம்பிச்சிடும். அதைவிடக் காய்ஞ்ச காத்து நம்ம கரையில் அபூர்வம். அதனால கேமரா மேல படிஞ்ச கடல் உப்பு வெறும் தூசி இல்லை, காயாத உப்புத் தண்ணி. லென்ஸ் மாட்டுற வளையம், மைக் மாட்டுற இடம், பேட்டரி முனைன்னு உலோகம் இருக்கிற இடத்திலெல்லாம் ராத்திரி பகலா அரிச்சுக்கிட்டே இருக்கும்.

கச்சான் காத்து நம்ம ஊர்ல தரையிலிருந்து கடலுக்கு வீசும். அரிப்பு மேற்கு பார்த்த கரை, அதே காத்து அங்கே கடல்லேருந்து நேரா உங்க லென்ஸ் மேல அடிக்கும். கரையில் நின்னு லென்ஸ் மாத்தாதீங்க. வண்டிக்குள்ள உட்கார்ந்து மாத்துங்க. முன்னாடி ஒரு யூவி ஃபில்டர் போட்டா உப்பு அதில் படியும், லென்ஸ்ல படியாது.

ராத்திரி ரூமுக்கு வந்ததும் முதல்ல புளோயரால ஊதுங்க. வாயால ஊதினா எச்சில் தெறிக்கும். அப்புறம் நல்ல தண்ணியில் நனைச்சு, நல்லா பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணியால பாடியைத் துடைங்க. கடைசியா காய்ஞ்ச துணி. நேரா காய்ஞ்ச துணியால தேய்ச்சா உப்புப் பொடி கண்ணாடிப் பூச்சைக் கீறிடும். டிரைபாட் காலை முழுசா நீட்டி, நல்ல தண்ணியில் கழுவிக் காயவைங்க.

அப்புறம் ஏசி. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம்னா, 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் மேலயும் பனி படியும். 24 டிகிரி ரூமிலிருந்து கேமராவை நேரா வெளியே எடுத்தா லென்ஸ் மங்கிப்போறது இதனாலதான். ரூமிலேயே பையை இறுக்கமா மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க. ஐரோப்பா மாதிரி குளிர் நாட்டில் இது தலைகீழ்: வெளியிலிருந்து கதகதப்பான ரூமுக்கு வரும்போது பையை மூடியே வைக்கணும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டுக்கோங்க, பூஞ்சை பிடிக்காம இருக்கும். அரிசி வேண்டாம், மாவுத் தூசிதான் மிஞ்சும்.

கயிறு யார் கையில்?

முத்துக்குளிக்கிறவர் கயிறை மச்சான் கையிலதான் கொடுப்பார்னு நம்ம கரையில் சொல்லுவாங்க. தங்கச்சி தாலிக்காகவாவது கயிறை விடமாட்டான்னு. உங்க படத்துக்கு அந்த மச்சான், ரெண்டாவது காப்பி.

100 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. நாளைக்கு மூணு மணி நேரம், அஞ்சு நாள்னா 675 ஜிபி. அப்போ ஒரு டிபி எஸ்எஸ்டி ரெண்டு வேணும். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்தின 3-2-1 விதி இதுதான்: மூணு காப்பி, ரெண்டு வகைச் சேமிப்பில், ஒன்னு வேற இடத்தில். பயணத்தில் அதை இப்படிச் செய்யலாம். கார்டை வீடு வர்ற வரைக்கும் அழிக்காதீங்க. ஒரு எஸ்எஸ்டி உங்க கைப்பையில், இன்னொன்னு கூட வர்றவர் பையில். தனியா போறீங்கன்னா ஒன்னை உடம்போட இடுப்புப் பையில் வெச்சுக்கோங்க. காப்பி முடிஞ்சதும் முதல், நடு, கடைசி கிளிப்பை ஓட்டிப் பாருங்க. ஃபைல் பெயர் தெரியுதுங்கிறதால படம் இருக்குன்னு அர்த்தம் இல்லை. பேட்டியோட ஆடியோவை மட்டுமாவது ராத்திரி வைஃபையில் கிளவுடுக்கு ஏத்திடுங்க. சின்ன ஃபைல்தான், ஆனா அந்தக் குரல் தப்பிச்சிடும்.

ஊர்லயே ஒரு ஒத்திகை

கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, கொண்டுபோகப் போற அதே பையோட ஒரு நாள் மணப்பாடு போங்க. கடல், காத்து, மணல் மூணும் அங்கே இருக்கு. வீட்டு பிளக்கைத் தொடாம, கையில் இருக்கிற பேட்டரியை மட்டும் வெச்சு நாள் முழுக்க எடுங்க. ராத்திரி துடைச்சு, ரெண்டு காப்பி எடுத்து, எவ்வளவு நேரமாச்சுன்னு பாருங்க. எந்த கேபிள் விட்டுப்போச்சு, எந்த பேட்டரி பாதியில் படுத்துடுச்சுன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். மறந்ததை வாங்க மறுநாள் கடைக்குப் போகலாம். அரிப்பில் அந்த வசதி இருக்காது.

அந்த 80 வயசுப் பெரியவர் பேட்டியை மட்டும் பயணத்துக்கு முன்னாடியே எடுத்து, ஒரு காப்பியை வீட்ல வெச்சுட்டுக் கிளம்புங்க. பார்த்துப் போயிட்டு வாங்க மக்களே. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.