பொற்காலம் யாருக்கு சார்?

"ஹும்... அந்தக் காலம் மாதிரி வருமா!"

மயிலாப்பூர் குளக்கரைப் பக்கம் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், இந்த வசனம் காதில் விழுந்துவிடும். பாண்டி பஜார், அடையாறு டிப்போ... எங்கே போனாலும் இதே பல்லவிதான். பழசை நினைத்துப் பெருமூச்சு விட நம்மூரில் ஆள் பஞ்சமே கிடையாது!

இந்தப் பெருமூச்சையே மூலதனமாகப் போட்டு டி.வி. தொடர்களும் வந்தாச்சு. எதிர்காலம் குட்டிச்சுவராகிவிட்டது என்று கற்பனை. அதில் மாட்டிக்கொண்ட கதாநாயகி பழைய வாழ்க்கையை நினைத்து ஏங்குவாள். மார்கரெட் அட்வுட் 1985-ல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவல், 2017-ல் தொடராக ஆரம்பித்து 2025-ல்தான் முடிந்தது. அதில் திடீரென்று ஒருநாள் பெண்களுக்கு வேலை போகிறது, பேங்க் கணக்கு முடங்குகிறது. 'ரொம்ப ஓவர்' என்கிறீர்களா? சரித்திரத்தில் எங்கேயோ நடந்ததைத்தான் எழுதினேன் என்கிறார் அட்வுட்!

நம்ம நாட்டுச் சரக்கு 'லைலா'. பிரயாக் அக்பரின் நாவல். நெட்ஃபிளிக்ஸில் ஆறு எபிசோட். இயக்கியவர்களில் ஒருவர் தீபா மேத்தா. ஹுமா குரேஷியோடு நம்ம சித்தார்த்தும் உண்டு. 2040-களில் 'ஆர்யவர்த்தா' என்றொரு தேசம். சமூகத்துக்கு ஒரு மதில், தண்ணீருக்கு அடிதடி. மதம் மாற்றிக் கல்யாணம் செய்துகொண்ட ஷாலினியின் கணவனைக் கொன்று, குழந்தையைப் பறித்து, அவளைத் 'திருத்த' முகாமுக்கு அனுப்புகிறார்கள்.

தொடர் வெளியானது 2019 ஜூன் 14. அந்த மாதம் சென்னைவாசிக்கு டி.வி.யே தேவைப்படவில்லை. ஜன்னலைத் திறந்தாலே அதே காட்சிதான்! செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், புழல் நாலும் வறண்டு கிடந்தன. "வீட்டிலிருந்தே வேலை பாருங்க" என்றன சில கம்ப்யூட்டர் கம்பெனிகள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது... 25 லட்சம் லிட்டர்!

பெண்ணியவாதிகளின் வாதம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. "என்றைக்குமே இப்படித்தான் இருந்தது என்று ஆள்பவன் சாதிக்கும்போது, 'இல்லை, எனக்கு ஞாபகம் இருக்கு' என்று ஒரு பெண் சொல்வதே பெரிய எதிர்ப்பு" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் சரி, அந்தப் பொற்காலம் யாருடையது?" என்பது எதிர்க்கட்சி. ஷாலினி ஏங்குவது நீச்சல் குளம் வைத்த பங்களா வாழ்க்கைக்கு. அதே வீட்டில் வேலை பார்த்த சப்னா எதற்கு ஏங்க வேண்டும்? மதில் அப்போதும் இருந்தது. ஷாலினி அதில் முட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கடைசியில் லைலா வளர்வது அந்த சப்னாவிடம்தான் என்று காட்டும்போது நமக்கே தூக்கிவாரிப்போடுகிறது.

நம் வீட்டுக் கணக்கையும் பார்க்கலாம். மயிலாப்பூரில் தாத்தா காலத்து முற்றம் வைத்த வீடு என்று உருகுகிறோம். அந்தப் பூர்வீக வீட்டில் மகனுக்கு இருந்த பிறப்புரிமை மகளுக்கும் உண்டு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 1989-ல்தான். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன அத்தைகளுக்கு அந்தச் சட்டத்திலும் இடமில்லை. 2019-ல் தி.நகர் சந்துகளில் லாரி ஹாரன் கேட்டதும் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடியவர்களில் எத்தனை பேர் பேன்ட் போட்ட ஆசாமிகள்?

ஆபீஸ் நண்பர்களே! அடுத்த தடவை பெருமூச்சு வந்தால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அந்தக் காலம் உனக்கும் நல்லா இருந்துச்சாம்மா?"

பதில் கொஞ்சம் நீளமாக வரும். காபியை மட்டும் நீங்களே கலந்து எடுத்துக்கொண்டு உட்காருங்கள்!