முயலுக்கும் அணிலுக்கும் எந்த ஏர் ரைஃபிள்?

இங்கிலாந்தில் நிலம் வைத்திருப்பவர் தன் வயலில் முயல் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1954-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் ஊர்ப் புதர்களில் பதுங்கும் முயல் வேறு இனம். அங்கே தொல்லை கொடுப்பது வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழிமுயல். கோதுமை முளை, முட்டைக்கோஸ், இளமரங்களின் பட்டை எல்லாம் அதற்குத் தீனி. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1876-இல் செஷயரில் விட்ட சாம்பல் அணிலும் சேர்ந்துகொண்டது. அது மரப்பட்டையை உரித்துத் தோப்புகளைப் பாழாக்குகிறது. தான் நோயுறாமல் சுமந்து திரியும் அம்மைக் கிருமியை உள்ளூர்ச் சிவப்பு அணிலுக்குத் தொற்றவைத்துக் கொல்கிறது. தானியக் கிடங்கில் எலி, விதைத்த வயலில் மரப்புறா. இவற்றுக்காகச் சிறு விவசாயிகள் பலர் நாடுவது ஏர் ரைஃபிளைத்தான். வெடிமருந்து இல்லை, சத்தம் குறைவு, ரவையும் மலிவு. சுட்ட முயலும் புறாவும் சமையலுக்குப் போகும்.

கடைக்குப் போனதும் புதியவர்கள் கேட்பது எது அதிக வேகம் என்றுதான். அங்கே அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கும் ஏர் ரைஃபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 16 ஜூல். சாதாரண .22 தோட்டாவே 100 அடி-பவுண்டைத் தாண்டும். விலை குறைந்த துப்பாக்கியும் இந்த வரம்பை ஒட்டியே சுடும், பல மடங்கு விலையுள்ளதும் அதை ஒட்டியே சுடும். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது துல்லியம், நல்ல விசை, அழகான மரவேலை, சொகுசு. கையில் பணம் குறைவு என்றால் துல்லியத்துக்கு மட்டும் செலவழியுங்கள். முயல் உடனே சாக வேண்டுமானால் ரவை அதன் மூளையில் பட வேண்டும். அந்த இடம் ஏறத்தாழ ஓர் அங்குல அகலம்தான். வயிற்றில் பட்டால் அது வளைக்குள் போய்த் துடித்துத்தான் சாகும். அப்படி ஓர் உயிரை வதைக்க எவருக்கும் உரிமை இல்லை.

குறைந்த விலையில் முதலில் கண்ணில் படுவது ஸ்பிரிங் துப்பாக்கி. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தும். விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை அமுக்க, ரவை கிளம்பும். வேறு கருவி எதுவும் வேண்டாம், மழையிலும் சேற்றிலும் உழைக்கும். ஆனால் ரவை குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் நகர்ந்துவிடுவதால் துப்பாக்கி முதலில் பின்னாலும், உடனே முன்னாலும் உதறும். பயந்து இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். முன்னால் தாங்கும் கையை மெத்தை போல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி உதறும்படி விட்டுவிட வேண்டும். இது கைவர வாரக்கணக்கில் பயிற்சி தேவை. முன்னோக்கி வரும் அந்த உதறல் மற்ற ரைஃபிள்களுக்காகச் செய்த ஸ்கோப்பை உடைத்துவிடும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் ஸ்கோப்பையே வாங்க வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயுவை வைத்த 'கேஸ் ராம்' வகையும் உண்டு. அதற்கும் இதே பழக்கம்தான் வேண்டும்.

இன்னொரு வகையை பி.சி.பி. என்பார்கள். காற்றை முன்கூட்டியே சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்துச் சுடுவது. உதறல் கிட்டத்தட்ட இல்லை என்பதால் புதியவரும் சீக்கிரமே நன்றாகச் சுடுவார். விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்தான் இதில் அதிகம். காற்றடைக்க முக்குளிப்பவர்கள் வைத்திருப்பது போன்ற சிலிண்டர் வேண்டும், அதைக் காலாகாலத்தில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கைப்பம்பில் அடிக்கலாம், ஆனால் அது உடம்பை முறிக்கும் வேலை. சிலிண்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் பணம் மீந்தால் பி.சி.பி. வாங்குங்கள்.

மீதமில்லாவிட்டால் என் சிபாரிசு, பழைய நல்ல ஸ்பிரிங் துப்பாக்கி. ஜெர்மனியின் வைரவுக் நிறுவனத்து எச்.டபிள்யூ. 35 போன்றவை 1950-களிலிருந்து தயாராகி வருவதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. மீட்டியர் 1959-இல் வந்தது, இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங்கையும் சீலையும் மாற்றினால் பழையதும் நன்றாக உழைக்கும். வாங்கும்போது ரவையின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங்கை முடுக்கி 12 அடி-பவுண்டைத் தாண்ட வைத்திருந்தால், இப்போது அதைக் கையில் வைத்திருப்பவர்தான் குற்றவாளி.

குழலின் அளவில் .177, .22 இரண்டும் சம ஆற்றல் உள்ளவை. .177-இன் எட்டரை கிரெய்ன் ரவை நொடிக்கு 240 மீட்டர் வாக்கில் பறக்கும், .22-இன் 16 கிரெய்ன் ரவை 170 மீட்டரை ஒட்டி. வேகமான ரவை குறைவாகத் தாழ்வதால், தூரத்தை ஐந்தாறு மீட்டர் தவறாகக் கணித்தாலும் குறி அவ்வளவாக விலகாது. கிடங்கில் எலி சுடுகிறவர்கள் கனமான .22-ஐ விரும்புவார்கள். வயலுக்குப் போகும் புதியவருக்கு .177 போதும்.

ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகும் ரவை வேறு. மூன்று நான்கு வகை டப்பாக்களை வாங்கிக் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். ஐந்து ரவைகளும் ஓர் அங்குலத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியோடு தொடங்குகிறவருக்கு அது 20 மீட்டராக இருக்கலாம். அப்படியென்றால் 25 மீட்டரில் நிற்கும் முயலை விட்டுவிட வேண்டும்.

வாங்குபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வணிகர் நேரில்தான் ஒப்படைக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் ஏர் ரைஃபிளுக்கும் சான்றிதழ் தேவை. வட அயர்லாந்தில் ஆற்றல் ஒரு ஜூல் அளவைத் தாண்டினாலே உரிமம் வேண்டும். நில உரிமையாளரின் அனுமதி எங்கும் கட்டாயம், ரவை அந்த நிலத்தின் எல்லையைத் தாண்டுவதும் குற்றம். மரப்புறாவைச் சுடப் பொது உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்திருக்க வேண்டும். 2019-இல் வழக்கு மிரட்டலுக்குப் பின் பழைய உரிமங்கள் ரத்தாகிப் புதியவை வந்தன.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்க் கடைகளிலும் ஏர் கன் கிடைக்கிறது, ஆனால் இங்கே அது காகிதக் குறிக்கு மட்டுமே. காட்டு முயலையோ புறாவையோ சுடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.